இரண்டு லட்சமும் இருநூறும்

ஏரியில் மீன்பாசி குத்தகை எடுப்பவர்கள் மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை. "ஏண்ணா, ரோகு வயித்தக் கிழிச்சா முட்டை கை கொள்ளல. அதை அப்படியே விட்டு வச்சா ஏரியிலயே பெருகாதா? வருஷா வருஷம் உங்ககிட்ட வந்து குஞ்சுக்குக் காசு கட்டணுமா?" இத்தனை நாள் ஏமாந்துவிட்டோமோ என்கிற சந்தேகம் கேட்பவர் முகத்தில் நன்றாகவே தெரியும்.

சந்தேகம் நியாயமானதுதான். ஒரு கிலோ ரோகுப் பெட்டையின் வயிற்றில் ஏறக்குறைய 2 லட்சம் முட்டை இருக்கும். நம் ஏரியில் அவ்வளவும் வீண். வெளியே வராமலே உடம்புக்குள் கரைந்துபோகும். அதே ஏரியில் உள்ளங்கை அளவு ஜிலேபி ஒன்று ஓர் ஈட்டுக்கு இருநூறோ முந்நூறோ முட்டைதான் இடும். இரண்டு வருஷம் தண்ணீர் வற்றாமல் நின்றால் ஏரி முழுக்க அதன் வம்சம்தான். லட்சக்கணக்கில் முட்டை வைத்திருக்கிற மீன் ஏன் தோற்கிறது, நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிற மீன் ஏன் ஜெயிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டவனுக்கு இந்தத் தொழிலில் பாதி புரிந்துவிடும்.

எங்கள் பண்ணை கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணைக்குக் கீழே இருக்கிறது. கல்வராயன் மலையில் மழை பிடித்தால் பொட்டியம், கல்படை, மாயம்பாடி என்று ஒவ்வோர் ஓடையாகச் சிவந்து அணையில் வந்து விழும். அணை பெரியதில்லை. உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கனஅடி. கிழக்கே சூளாங்குறிச்சியில் மணிமுக்தா அணை 36 அடிதான். ஆனால் 736 மில்லியன் கனஅடி பிடிக்கும். இரண்டின் தண்ணீரும் கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகும். வடக்கே திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. ஏலம் போட வேறு அலுவலகம் வந்தது, மீனுக்கு ஒன்றும் மாறவில்லை. சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்து ஏரிகள் எல்லாம் வானம் பார்த்தவை. ஐப்பசியில் நிறையும், சித்திரையில் நடுவில் ஒரு குட்டை மிஞ்சும். இந்த வற்றல் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் வடக்கே பெரிய ஆறுகளில் வளர்ந்த சாதி. அங்கே பருவமழையில் ஆறு கரையைத் தாண்டிச் சமவெளியில் பரவும். காய்ந்து கிடந்த நிலத்தின்மேல் முழங்கால் ஆழத்துக்குக் கலங்கல் தண்ணீர் ஓட்டம் குறையாமல் போகும். மழையில் தண்ணீர் குளிர வேண்டும், புது வெள்ளம் வர வேண்டும், ஓட்டமும் இருக்க வேண்டும். அப்போதுதான் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு போடும், முட்டை வெளியே வரும். ஏரியில் தண்ணீர் வரும், வந்து நின்றுவிடும். நல்ல தீனி கிடைத்தால் சினை முற்றும், உத்தரவு வராது. ஆறு வந்து விழுகிற பெரிய அணைகளில் வெள்ளத்தை எதிர்த்து ஏறி முட்டை விடுவதுண்டு. ஏரிக்கு அந்த யோகம் இல்லை.

ஒரு காலத்தில் இந்தச் சாதிக் குஞ்சு வேண்டுமென்றால் வடநாட்டு ஆறுகளில் வெள்ளக்காலத்தில் வலை கட்டி வடித்தெடுக்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து ரயிலேற்றிப் பல ஊர்களுக்கு அனுப்புவார்கள். கூடவே என்னென்ன சாதிக் குஞ்சு கலந்து வருகிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்கிற விஞ்ஞானி ஒரு மீனின் பிட்யூட்டரிச் சாற்றை எடுத்து இன்னொரு மீனுக்கு ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார். இன்றைக்கும் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். என்னைப்போல ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஊசியால்தான்.

நான் தொழில் பழகியபோது அந்தச் சுரப்பியைக் கையால்தான் எடுக்க வேண்டும். மீன் மார்க்கெட்டில் வெட்டி வைத்த சாதாக் கெண்டைத் தலைகளை வாங்கிவருவோம். மண்டை ஓட்டின் மேல்பக்கத்தைச் சீவி, கொழுப்பைத் துடைத்து, மூளையை இடுக்கியால் மெல்லத் தூக்கினால், அதற்கு அடியில் சின்னக் குழிக்குள் ஒரு சவ்வு மூடி கடுகளவில் வெள்ளையாக இருக்கும். சவ்வைக் கிழித்து உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் வேலைக்கு ஆகாது. பழுப்புநிறக் குப்பியில் சுத்த ஆல்கஹாலில் போட்டு வைப்போம். தேவைப்படும்போது எடை பார்த்து, அரைத்து, வடித்து, தெளிந்த சாற்றை மட்டும் ஊசியில் ஏற்றுவோம். பெட்டைக்குச் சாயங்காலம் ஒன்று, ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. இரண்டாவது ஊசியின்போது ஆணுக்கும் ஒன்று. இப்போது ஓவாப்ரிம் வந்துவிட்டது, ஒரே ஊசி. தலை வெட்டுகிற வேலை போய்விட்டது.

ஊசி எதுவானாலும் மீனைத் தேர்ந்தெடுப்பது கைவேலைதான். மார்புத் துடுப்பைத் தடவினால் ஆணுக்குச் சொரசொரப்பாக இருக்கும், பெட்டைக்கு வழவழப்பாக இருக்கும். ஆணின் அடிவயிற்றை லேசாக அழுத்தினால் பால் மாதிரி விந்து வரும். பெட்டைக்கு வயிறு பஞ்சாக இருக்க வேண்டும், கழிவாய் சிவந்து புடைத்திருக்க வேண்டும். வயிறு பெருத்திருப்பதை மட்டும் நம்பி ஊசி போட்டால் தீனி தின்ற வயிறும் சினை வயிறும் ஒன்றாகிவிடும். பிறகு வட்டத் தொட்டியில் விட்டுத் தண்ணீரைச் சுழல விட வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு நேரத்தில் ஆண்கள் பெட்டையை நெருக்கி உடம்பால் முட்டும். தண்ணீர் சளசளவென்று அடிக்கிற சத்தம் கொட்டகைக்கு வெளியே வரை கேட்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் முட்டைகள் சுழலோடு சுற்றிக்கொண்டிருக்கும். உடலுக்குள் இருந்தபோது கடுகு அளவு இருந்தது, தண்ணீர் குடித்து நாலைந்து மடங்கு ஊதி, கண்ணாடி உருண்டைக்குள் ஒரு செம்புள்ளியாகத் தெரியும். ஓட்டத்தை நிறுத்தினால் அடியில் படிந்து மூச்சு முட்டிச் செத்துவிடும். பதினான்கிலிருந்து பதினெட்டு மணி நேரம் வரை தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டாருக்கு டீசல் ஊற்றி, கரண்ட் போனால் ஓடி ஓடி, ஒரு வெள்ளத்தைத் தொட்டிக்குள் காப்பாற்றுகிறோம். அதற்குத்தான் குத்தகைக்காரர் எனக்குக் காசு கட்டுகிறார்.

இந்த ஊர் மீனுக்கு ஊசியும் தொட்டியும் வேண்டாம். வெள்ளம் வரும்போது ஏறிப் போக வழி விட்டால் போதும்.

ஐப்பசியில் மலையில் நல்ல மழை பிடித்து, ஏரி நிறைந்து வழிந்து கோடி போகிற முதல் நாள் ராத்திரி பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன் ஏறுகிறது என்று ஒருவன் சொன்னால் ஊரே டார்ச்சும் கூடையுமாகக் கிளம்பிவிடும். கெண்டைப்பொடி, கெளுத்தி, குறவை, ஆரால், பனையேறிக் கெண்டை எல்லாம் ஓட்டத்தை எதிர்த்து வாய்க்கால் வழியே மேலே ஏறும். நெல் வயலுக்கும் புல் முளைத்த தரிசுக்கும்தான் அந்தப் பயணம். அங்கே கணுக்கால் தண்ணீர், வெயிலில் சீக்கிரம் சூடாகும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இரண்டு நாளில் பெருகும், பெரிய மீன் வந்து தின்னாது. சின்னக் கெண்டைகளின் முட்டை புல்லில் ஒட்டிக்கொள்ளும். குஞ்சு பொரித்துத் தண்ணீர் வடியும்போது அதோடு கீழே ஏரிக்கு வந்துவிடும். போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி, நடுவில் சில நாள் தண்ணீர் நிற்கிற புல்தரை. அவ்வளவுதான் அதன் தேவை.

இதை வெள்ளைக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்து மீன் ஆராய்ச்சியில் இறங்கிய பிரான்சிஸ் டே, இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் பற்றி 1873இல் ஓர் அறிக்கை கொடுத்தார். அணைக்கட்டுகள் மீன் ஏறுவதை மறிப்பதையும், வயல் மடைகளில் பொறி வைத்து இனப்பெருக்கத்துக்கு வந்த மீனையும் பொடிக் குஞ்சையும் அள்ளுவதையும் அதில் எழுதியிருக்கிறார். நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் எங்கள் வாய்க்காலில் நடப்பது அதுதான். மூங்கில் பொறி போய்க் கொசுவலை வந்திருக்கிறது.

மலைமேல் கதை வேறு. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் குட்டை வெட்டியவர்களுக்குக் குஞ்சு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டும்போதெல்லாம் குனிந்து பார்க்காமல் வந்ததில்லை. அருவிக்கு மேலே இருக்கிற ஓடைகளில் பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டித் தின்கிற விரல் நீள மீன் உண்டு. வாய் தலைக்கு அடியில் இருக்கும், அதன் பின்னால் ஒரு வட்டத்தட்டு. அந்தத் தட்டால் ஈரப்பாறையைப் பிடித்துச் செங்குத்திலும் ஏறிவிடும். கூழாங்கல்லுக்கு அடியில் பட்டை பட்டையாக அயிரை இனத்துச் சின்ன மீன்கள். இவை ஓட்டம் உள்ள தெளிந்த தண்ணீரில், கல்லிடுக்கில் முட்டையிடுபவை. இடுக்கு மண்ணால் அடைந்தால் முட்டைக்கு மூச்சில்லை. மரவள்ளி பிடுங்கிய சரிவிலிருந்து ஒரு மழைக்கு எவ்வளவு செம்மண் இறங்குகிறது என்று அங்கே நின்று பார்த்தால் தெரியும். குட்டை வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, அப்பல்லாம் மழை வுட்டு மறாநாளே தண்ணி தெளிஞ்சிரும். இப்ப ஒரு வாரம் ஆவுது." அவர் மீனைப் பற்றிப் பேசவில்லை, குடிதண்ணீரைப் பற்றிப் பேசினார். எனக்கு மீன் முட்டைதான் நினைவுக்கு வந்தது.

கோடையில் மடுவில் காரைக்காய் இடித்துப் போட்டு மீன் மயக்குவது மலையில் பழைய வழக்கம். நீரில் நஞ்சு கலப்பதும் வெடி போடுவதும் 1897ஆம் வருஷச் சட்டத்திலேயே குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். காய் ஒரு மடுவோடு போகும், அடுத்த மழையில் கழுவிவிடும். இப்போது சில இடங்களில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறார்கள். அது போகிற வழியெல்லாம் பூச்சி, தவளை, முட்டை என்று ஒன்றையும் விடாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜிலேபிக்கு வருவோம். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைக்கு மலிவான மீன் என்பதுதான் நோக்கம். 1959இலேயே இதை மேற்கொண்டு பரப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்குள் மீன் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டிருந்தது.

சித்திரையில் ஏரித் தண்ணீர் பின்வாங்கும்போது ஓரச் சேற்றில் பாருங்கள். தாம்பாளம் அகலத்துக்கு வட்ட வட்டமாகக் குழிகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, வரிசையாக இருக்கும். ஆண் ஜிலேபி வாயால் சேற்றை அள்ளி வெளியே துப்பித் துப்பித் தோண்டியது. குழி காய்ந்தபின் விளிம்பில் அந்தச் சேற்று உருண்டைகள் கூடத் தெரியும். பெட்டை வந்து குழியில் முட்டையிட்டு உடனே வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குழியின் வேலை அதோடு முடிந்தது. அடுத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் பெட்டை தின்னாது. முட்டை வாய்க்குள்ளேயே பொரிக்கும், குஞ்சு வாய்க்குள்ளேயே வளரும், வெளியே விட்டபிறகும் சத்தம் கேட்டால் ஓடி வந்து வாய்க்குள் புகுந்துகொள்ளும். வலையில் மாட்டிய பெட்டையைப் பரிசலில் போட்டால் அது வாயைத் திறந்து மஞ்சள் முட்டைகளைப் பலகைமேல் கக்கும். சில நேரம் கண் வைத்த குஞ்சுகளே துள்ளும். முதல் முறை பார்ப்பவர்கள் மீனுக்கு வியாதி என்று நினைப்பார்கள்.

அதற்கு வெள்ளமும் வேண்டாம், புல்லும் வேண்டாம், கோடியும் வேண்டாம். ஒரு முழம் ஆழத்தில் அசையாத சேற்றுத்தரை போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் வருஷத்தில் பல ஈடு போடும். இடம் நெருக்கடியானால் வளர்வதை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று மாதத்திலேயே விரல் நீளத்தில் முட்டைக்கு வந்துவிடும். ரோகுவின் 2 லட்சம் முட்டை ஆற்றை நம்பி இருக்கிறது, ஜிலேபியின் இருநூறு தாயின் வாய்க்குள் இருக்கிறது. குத்தகைக்காரருக்கு நஷ்டம் எப்படி என்றால், நான் விட்ட குஞ்சுக்குப் போட்ட தவிட்டையும் பிண்ணாக்கையும் இது தின்று, தானும் விற்கிற அளவுக்கு வளராது.

முன்பு இதற்கு ஒரு கடிவாளம் இருந்தது. அதுதான் நான் சொன்ன வற்றல். ஏரி காய்ந்தால் விரால் சேற்றுக்குள் புகுந்து ஈரம் பிடித்து உயிர் வைத்திருக்கும். பனையேறிக் கெண்டை, குறவை, தேளி மூன்றுக்கும் காற்றை மூச்சாக எடுக்கத் தெரியும். ஜிலேபிக்கு அந்த வித்தை இல்லை. குட்டை வறண்டால் அது கூண்டோடு செத்துப்போகும். அடுத்த மழைக்கு ஏரி ஊர் மீனோடு புதுக்கணக்குத் தொடங்கும். இன்றைக்கு ஏரி காய்ந்தாலும் பக்கத்துக் காட்டில் நெகிழித் தாள் விரித்த பண்ணைக்குட்டை காய்வதில்லை, போர்வெல் தண்ணீர் வருஷம் முழுக்க அதில் நிற்கும். கொசு பிடிக்கட்டும் என்று யாரோ விட்ட நாலு ஜிலேபி அங்கே நாலாயிரம் ஆகும். மழையில் குட்டை வழிந்தால் நேரே ஏரிக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்களே, அப்போது திருக்கோவிலூர்ப் பக்கம் குட்டை எது, வயல் எது, ஆறு எது என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. வளர்ப்பு மீன் ஆற்றுக்குப் போக அதைவிட நல்ல பாதை அமையாது.

இன்னொரு பாதை பிளாஸ்டிக் பை. வெளியூர் வண்டியில் மலிவு விலைக்கு வருகிற குஞ்சுப் பையில் ரோகு என்று எழுதியிருக்கும், உள்ளே நாலு சாதி இருக்கும். எண்ணிக்கை பார்ப்பதற்கு முன்னால் ஒரு கிண்ணம் மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். ஜிலேபிக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். துடுப்பும் முதுகு நெடுக ஒரே நீளமாக, முன்பாதி முள்ளாக நிற்கும். கெண்டைக் குஞ்சின் முதுகுத் துடுப்பில் அந்த முள்வரிசை கிடையாது. இந்த ஒரு நிமிஷப் பரிசோதனையைச் செய்ய யாருக்கும் பொறுமை இல்லை. ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று பயந்து பையை அப்படியே கவிழ்த்துவிடுகிறார்கள். பையை அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்க விட வேண்டும் என்பதே பாதிப் பேருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

இலங்கையை நினைத்தால் ஜிலேபியை ஒரேயடியாகத் திட்டவும் வாய் வரவில்லை. அங்கேயும் 1952இல்தான் இந்த மீனைக் கொண்டுபோனார்கள். பழைய மன்னர்கள் வெட்டிய பெரிய குளங்களில் அதுவே பிரதான மீனாகி, கடல் எட்டாத உள்நாட்டுக் கிராமங்களுக்கு மீன் சோறு கொடுத்தது. அந்தக் குளங்கள் பெரியவை, ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்பவை. அங்கே தங்கிப்போனதை வைத்து, சில மாதமே தண்ணீர் நிற்கிற நம் ஏரிக்கு அது ஏற்றது என்று சொல்ல முடியாது. அதே கண்ணோடு பார்த்தால் சாதாக் கெண்டையும் அயல் மீன்தான். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு ஒரு வகை, 1957இல் பாங்காக்கிலிருந்து இன்னொரு வகை. நின்ற தண்ணீரில் வேலம்பாசியில் முட்டையை ஒட்டவைத்துப் பெருகும், சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும். அதைப் பற்றி எங்கள் தொழிலில் யாரும் வாய் திறக்கமாட்டோம், அது நாங்கள் விற்கிற சரக்கு.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கோழிக்கழிவு போட்டாலே வளரும் என்பதால் தடை இருந்தும் கள்ளத்தனமாகக் குட்டையில் வளர்க்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வருவதும், குட்டைகளை அழிப்பதும், திரும்ப முளைப்பதும் தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. ஜிலேபி நம் மீனின் இடத்தையும் தீனியையும்தான் பிடிக்கும். இது மீனையே விழுங்கும். மோசம் என்னவென்றால் இதுவும் புதுவெள்ளத்தில் புல் ஓரத்துக்கு ஏறி முட்டையிடுகிற மீன், காற்றை மூச்சாக எடுக்கும், ஈரத்தரையில் ஊர்ந்தும் போகும். நம் ஊர் மீன்களிடம் இருக்கிற இந்தத் தந்திரமெல்லாம் இதற்கும் உண்டு, உடம்பு மட்டும் பல மடங்கு பெரிது. மீன்தொட்டி வைத்து அலுத்துப்போனவர்கள் கொண்டுவந்து விடுகிற டேங்க் கிளீனரும் இப்போது வலையில் மாட்டத் தொடங்கியிருக்கிறது. தோல் எலும்புத்தட்டு, முள் வலையைக் கிழிக்கும், ஆண் மீன் கரையைக் குடைந்து பொந்துக்குள் முட்டையைக் காக்கும். தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது. சிக்கினால் திரும்பத் தண்ணீரில் வீசாமல் கரையில் புதைக்கச் சொல்கிறேன்.

வந்த மீனைத் துரத்துவது நம் கையில் இல்லை. ஊர் மீன் முட்டையிடுகிற இடத்தை அழிக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. 2017இல் குடிமராமத்து மறுபடி வந்து ஏரிகளைத் தூர்வாரினார்கள். ஏரிக்கு நல்லதுதான், தண்ணீர் கூடுதலாக நிற்கிறது. ஆனால் பொக்லைன் ஓட்டுபவருக்குக் கரையோரச் சரிவு, கோரை, நாணல் எல்லாமே குப்பை. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் விரால் எங்கே போகும்? விரால் ஆணும் பெட்டையும் கோரைக்கு நடுவில் செடியைக் கடித்து விலக்கி ஒரு வட்டம் செய்து, மேலே மிதக்கிற மஞ்சள் முட்டையை அதில் விட்டுக் காவல் நிற்கும். பொரித்த குஞ்சுகள் ஆரஞ்சு நிறத்தில் மொத்தமாக மேலே வந்து மூச்செடுத்துவிட்டு உள்ளே போகும், தாய் தகப்பன் கீழேயே சுற்றும். தூண்டில்காரனுக்கு அந்தக் கூட்டம்தான் அடையாளம். குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் தூண்டிலை இறக்கினால் தகப்பன் கோபத்தில் கவ்விவிடும். அதன்பிறகு அந்தக் குஞ்சுகளை ஒரு நாளில் மற்ற மீன்கள் காலி செய்துவிடும். விரால் கிலோ என்ன விலை என்று தெரிந்த குத்தகைக்காரரே இதைச் செய்ய விடுகிறார் என்பதுதான் எனக்குப் புரியாத கணக்கு.

குத்தகைக்காரர்களோடு எனக்கு ஓயாத வழக்கு கோடியில் கட்டுகிற வலையைப் பற்றித்தான். கோடி போகும்போது விட்ட குஞ்சு தண்ணீரோடு போய்விடும் என்று குறுக்கே பொடிக்கண் வலையைக் கட்டிவிடுவார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. ஆனால் அதே வலை கீழிருந்து ஏறுகிற ஊர் மீனை மறிக்கிறது. ஏறி வந்து வலைக்கு அடியில் குவிகிற மீனை ஊர்ப் பிள்ளைகள் வாளியில் அள்ளுகிறார்கள், அத்தனையும் சினை மீன். கண் பெரிதான வலை கட்டச் சொன்னால், "அப்புறம் உன் குஞ்சு கடலுக்குப் போனா நீ காசு திருப்பித் தருவியாண்ணா?" என்று கேட்கிறார்கள்.

நான் சொல்கிற வழி ஒன்றுதான். ஏரி நிறைந்து, கோடி நின்று, தண்ணீர் தெளிந்தபிறகு குஞ்சு விடுங்கள். அப்போது வலையே தேவையில்லை. ஒரு மாத வளர்ச்சி போய்விடுமே என்பார்கள். போகும். அதனால்தான் இளங்குஞ்சாக வாங்காமல் அந்த ஒரு மாதம் எங்கள் நாற்றங்கால் குளத்திலேயே வளர்த்து, விரலளவு குஞ்சாக வாங்கச் சொல்கிறேன். பெரிய குஞ்சு என்றால் ஜிலேபியோடு தீனிக்குப் போட்டி போடும், சாவும் குறைவு, எண்ணிக்கையும் பாதி போதும். விலை கூடுதல்தான், எனக்கும் அதில் லாபம் கூடுதல்தான். அதை மறைத்து நான் வியாபாரம் பேசுவதில்லை. சங்கராபுரம் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவர் இப்போது இப்படித்தான் செய்கிறார். ரோகு, கட்லா விற்பனையில் அவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வலை இழுக்கும்போது கெளுத்தியும் விராலும் கூடுதலாக வருகிறதாம். குஞ்சுக்குக் காசு கட்டாத மீன் அது. அவர் பக்கத்து ஏரிக்காரர் போன ஐப்பசியிலும் கோடியில் வலைதான் கட்டினார்.